தமயந்தியின் சேமிப்புப் புத்தகம்

அத்தியாயம் பதினேழு

சங்கம் கொடுக்கும் பரிசு தமயந்தியின் இரண்டு பல்லைக் கொண்டுபோகும் என்று சண்முகவடிவு கனவிலும் நினைக்கவில்லை.

கொட்டகலை பஜாரில் இருக்கும் சிக்கன சேமிப்புச் சங்கத்தின் வாசலில் அந்தப் பட்டியலை ஒட்டி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஆறு வருடம் ஒரு மாதமும் தவறாமல் சேமித்த அங்கத்தவர்கள் என்று தலைப்புப் போட்டுப் பன்னிரண்டு பெண்களின் பெயர். ஆளுக்கொரு பிரஷர் குக்கர். நான்காவது பெயர், லோகன்டேல் தோட்டம், மேல் டிவிசன், யோ. தமயந்தி.

பட்டியலை எழுதிக் கொடுத்தவள் வடிவுதான். அந்தத் தோட்டத்துக்குச் சங்கத்தின் சேகரிப்பாளர் அவள். சொந்தத் தம்பியின் பெண்சாதி பெயரை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அது சுவரில் ஏறும் என்பதை அவள் யோசிக்கவில்லை.

தம்பி யோகேஸ்வரன் தவணை கட்டாத ஓட்டோவை லீசிங்காரர்கள் தூக்கிக்கொண்டு போய் மூன்று வாரம். ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனிடம் ஒரு சிநேகிதன், பொண்டாட்டிக்குக் குக்கர் விழுந்திருக்காமே என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். ஆறு வருடமாகத் தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது என்பது யோகேஸ்வரனுக்கு அப்படித்தான் தெரிந்தது.

நேற்றுப் பொழுது சாயும் நேரம் அவன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான். லயத்தின் வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா வடிவுடையது. புருஷன் இறந்து பத்து வருடமாக அவள் அங்கே தனியாக இருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்த ஒவ்வொரு அடியும் அவளுக்குக் கேட்டது. தமயந்தி கத்தவில்லை. பிள்ளைகள் இரண்டும்தான் கத்தின. லயத்து ஆட்கள் சேர்ந்து கதவை உடைத்தபோது தமயந்தி அடுப்படியில் கிடந்தாள், வாயெல்லாம் ரத்தம். பெட்டி, தலையணை, அரிசி டப்பா எல்லாம் தரையில் கொட்டிக் கிடந்தன. அவன் தேடிய சேமிப்புப் புத்தகம் மட்டும் கிடைக்கவில்லை.

கிடைக்காது. அது வடிவின் பையில் இருந்தது.

லயத்துக்குள் போகும் காசு லயத்தைவிட்டு வெளியே வருவதில்லை என்பது வடிவு கண்ட அனுபவம். அதனால் சம்பள நாளன்று கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்துவிடுவாள். காசு கைக்கு வந்த சூட்டோடு இருநூறோ ஐந்நூறோ வாங்கிப் புத்தகத்தில் பதிந்து கையெழுத்துப் போடுவாள். தமயந்தி மட்டும் மாதம் இரண்டாயிரத்துக்குக் குறையாமல் கொடுத்துவந்தாள். வீட்டில் வைத்தால் வம்பு என்று முப்பத்தொரு பெண்கள் புத்தகத்தை அவளிடமே விட்டிருந்தார்கள். யார் எவ்வளவு போட்டாள் என்பதை அவள் இதுவரை எந்த ஆணிடமும் சொன்னதில்லை. காசு எடுக்க வேண்டுமென்றால் புத்தகக்காரியே வந்து கையெழுத்து வைக்க வேண்டும். புருஷன் வந்தாலும் ஏலாது. இந்த ஒரு விதியைச் சொல்லித்தான் அவள் அந்தத் தோட்டத்தில் முதல் பத்துப் பேரைச் சேர்த்தாள்.

இன்று பத்தாம் தேதி, சம்பள நாள்.

காலையில் தமயந்தி முகத்தைச் சால்வையால் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வருவதாகச் சொன்னாள். இரண்டு பெண் பிள்ளைகளும் கூட நின்றன. வடிவு இரண்டாயிரம் ரூபாயை நீட்டினாள். தமயந்தி வாங்கவில்லை. புத்தகத்தைப் பற்றியும் எதுவும் கேட்கவில்லை.

“அண்ணி, நீங்க இன்னக்கி மடுவத்துக்குப் போகாதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

“போகாட்டி அந்தப் பொம்பளைங்க காசு என்னாகுறது? நீ போய்ட்டு வா.”

பல்லைக் காட்டப் போகிறவள் எதற்குச் சின்னவளுக்கு இரண்டு கவுன் மாட்டியிருக்கிறாள் என்று வடிவுக்குத் தோன்றியது. குளிருக்காக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பகல் பன்னிரண்டரைக்கு மடுவத்தில் முப்பது பெண்கள் இருந்தார்கள். கொழுந்து நிறுத்தாகிவிட்டது. சாக்குகளைக் கட்டி வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் தமயந்தியின் பல் விஷயம் தெரிந்திருந்தது.  வழக்கமாக இருநூறு போடுகிறவள் அன்றைக்கு முந்நூறு நீட்டினாள். வரிசையில் முதலில் நின்ற வேலாயி ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை மேசையில் வைத்தாள். ஐம்பது வயதிலும் நாற்பது கிலோ சாக்கை ஒற்றை இழுப்பில் தோளில் ஏற்றுகிற பொம்பளை அவள்.

யோகேஸ்வரன் ரோட்டால் வரவில்லை. மேல் மலையிலிருந்து தேயிலைக்குள் இறங்கி, மடுவத்தின் பின்பக்கமாக வந்தான். குடித்திருக்கவில்லை. அதைத்தான் பிறகு எல்லாரும் சொன்னார்கள். முகம் கழுவி, தலை சீவி, நல்ல சட்டை போட்டிருந்தான். கையில் தேயிலைச் செடியின் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தி.

“அக்கா, புத்தகத்தக் குடு.”

“எந்தப் புத்தகம்?”

“என் பொண்டாட்டி புத்தகம்.”

“அது அவ புத்தகம். அவ வந்து கேட்டாக் குடுப்பேன்.”

“ஓட்டோவ நாளைக்கு ஏலத்துல விடுறாங்க. அந்தக் காசு இருந்தா இன்னக்கே மீட்டுருவேன். ஒன்னத் தொடக் கூடாதுன்னுதான் வழி பூரா நெனச்சுக்கிட்டு வந்தேன். குடுத்துரு.”

 வடிவு மேசையில் இருந்த புத்தகங்களைப் பைக்குள் தள்ளினாள். அவன் மேசையை உதைத்தான். தாள்களும் சில்லறையும் சேற்றில் சிதறின. அவள் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவன் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினான். மூக்கிலிருந்து சூடாக வழிந்தது. பை கையைவிட்டுப் போகவில்லை. கத்தியின் பின்பக்கத்தால் தோளில் இரண்டு தரம் அடித்தான். அதற்கும் அவள் விடவில்லை.

மூன்றாவது தரம் கத்தி திரும்பியிருந்தது.

வலது முழங்கைக்குக் கீழே யாரோ பனித்தண்ணீரை ஊற்றியது போலத்தான் வடிவுக்கு இருந்தது. வலி பிறகுதான் வந்தது. குனிந்து பார்த்தாள். சதை திறந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உடனே ரத்தம் அதை மூடிவிட்டது. அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு மறுபடி கத்தியை ஓங்கினான்.

வேலாயி தராசு தொங்கும் இரும்புக் கம்பியை உருவிவிட்டிருந்தாள். ஒரே அடி. அது அவன் காதுக்கு மேலே விழுந்தது. கத்தி தெறித்துச் சாக்குகளுக்கு நடுவே விழுந்தது. அவன் முழங்காலில் விழுந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை வடிவு யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பு ஒவ்வொருத்தி கையிலும் இருந்தது. முப்பது பெண்களும் அவனைச் சுற்றி நின்று அடித்தார்கள். திட்டு இல்லை, கூச்சல் இல்லை. நெல் அடிப்பது போல ஒரே சீராக அடித்தார்கள். கம்பு முறிந்தவள் காலால் மிதித்தாள். அவர்களில் பாதிப் பேருடைய புருஷன்மாரை வடிவுக்குத் தெரியும். அவர்கள் அடித்தது யோகேஸ்வரனை மட்டுமில்லை என்பதும் தெரியும்.

கால்களுக்கு இடையில் தம்பியின் முகம் தெரிந்தது. ஒரு கண் மூடிப் போயிருந்தது. திறந்திருந்த கண் அவளைத் தேடியது.

அவள் முட்டிபோட்டு ஊர்ந்தாள். பையை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு அவன் மேல் குப்புற விழுந்தாள். ஒரு கம்பு அவள் முதுகிலும் இறங்கியது.

“போதும் வேலாயி. செத்துருவான்” என்றாள்.

வேலாயி கம்பியைக் கீழே போட்டாள். தன் முந்தானையைக் கிழித்து வடிவின் கையை இறுக்கிக் கட்டினாள். 

கொழுந்து லொறியில்தான் இருவரையும் ஏற்றினார்கள். சாக்குகளின் மேல் பக்கத்துப் பக்கமாகக் கிடந்தார்கள். லொறி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் தம்பியின் உடம்பு உருண்டு வந்து அவள்மேல் மோதியது. சின்ன வயதில் அம்மா வேலைக்குப் போன நாட்களில் இவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே சோறாக்கியவள் அவள். வலிக்குதாடா என்று கேட்கலாமா என்று நினைத்தாள்.

அப்போது அவன் கை அசைந்தது. அவள் விலாப் பக்கம் தடவி, பையின் வாரைக் கண்டுபிடித்து, இழுக்கப் பார்த்தது. விரல்களில் பலமில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரி வாசல்வரை அந்தக் கை இழுத்துக்கொண்டே இருந்தது.

அவள் எதையும் கேட்கவில்லை.

கையில் இருபத்து மூன்று தையல். சின்ன விரலும் மோதிர விரலும் இனி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். யோகேஸ்வரனுக்கு மண்டையில் பதினொரு தையல், இரண்டு விலா எலும்பு முறிவு. எழுந்து நடக்க முடிகிறது, இரவு வைத்திருந்து பார்ப்போம் என்று ஆண்கள் வார்டில் போட்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு அண்ணன் ஜீவராஜ் வந்தார். அதே டிவிசனில் கணக்கப்பிள்ளை. காலையில் பெயர் கூப்பிட்டு மலைக்கு ஆள் பிரிப்பவர் அவர்தான். அவர் வேலையில்லை என்றால் அன்றைக்கு வேலையில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தங்கையின் கையைப் பார்த்தார். கண் கலங்கித்தான் இருந்தது.

அவர் மெதுவாகத்தான் பேசினார். பொலிசில் தான் ஏற்கெனவே முறைப்பாடு போட்டுவிட்டதாகச் சொன்னார். வேலாயியும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து தம்பியைக் கொல்லப் பார்த்தார்கள் என்று. வடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பெண்களுக்குள் தள்ளுமுள்ளு வந்தது, கீழே கிடந்த கத்தியில் விழுந்துவிட்டேன், தம்பி தூக்கிவிடத்தான் வந்தான் என்று வாக்குமூலம் கொடுத்தால் போதும்.

“வேலாயிய உள்ள போட்டுருவாங்களேண்ணே.”

“போடட்டும். அவ நமக்கு என்னா ஒறவு? இவன் நம்ம ரத்தம்.”

வடிவு கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். கட்டின்மேல் சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. அதை அண்ணனும் பார்த்தார். அவர் குரல் மாறியது. எல்லாவற்றுக்கும் அவள்தான் காரணம் என்றார். வீட்டுக்கு வீடு பெண்களுக்குத் திருட்டுத்தனம் பழக்கிவிட்டது அவள்தான். அவள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வராதவரை லயத்தில் அடிதடி இருந்தது, கத்தி இருக்கவில்லை. தமயந்தி எங்கே போனாள் என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாள், இங்கேதான் இருப்பாள் என்றாள் வடிவு. இங்கே அப்படி ஒருத்தி வரவே இல்லை என்றார் அவர்.

நாலு மணிக்குச் சங்கத்து முகாமையாளர் இராசரத்தினம் வந்தபோது ஜீவராஜ் எழுந்து வராந்தாவுக்குப் போனார். இராசரத்தினம் யாழ்ப்பாணத்து மனிதர். எட்டு வருடமாகக் கொட்டகலையில் இருந்தும் ஒரு சதக் கணக்குப் பிசகினால் இரவு தூங்காதவர். நேரடியாக வேலையைத்தான் பேசுவார். இன்றைக்கு என்னவோ வந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டரை மணிக்கு முப்பது பெண்களும் சங்கத்துக்கு நடந்து வந்தார்களாம். சேற்றில் விழுந்த தாள்களைப் பொறுக்கி, பைப் தண்ணீரில் கழுவி, ஆளுக்கு ஆள் தன் தொகையைச் சொல்லிச் சங்கப் பேரேட்டில் பதியச் சொன்னார்களாம். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கடைசி ஆளுக்குப் பதிந்துகொண்டிருந்தபோது பொலிஸ் ஜீப் வந்து வேலாயியையும் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது. ஏறும்போது வேலாயி திரும்பி வந்து, பற்றுச்சீட்டை மறந்துவிட்டேன் என்று கேட்டு வாங்கிப் போனாளாம்.

வடிவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

“இன்னொரு விசயம், பிள்ளை” என்றார் இராசரத்தினம். “உங்கடை மச்சாள் காலமை ஒம்பது மணிக்குக் கந்தோர் திறக்க முதலே வந்து நிண்டவ. முழுக்காசையும் எடுத்துக்கொண்டு போயிட்டா. வட்டியோட ஒரு லட்சத்து எழுவத்து மூவாயிரம்.”

“புத்தகம் எங்கிட்டல்ல சார் இருக்கு?”

“அடையாள அட்டையை வைச்சுக் குடுத்தனான். சட்டப்படி அது பிழை. மேலிடத்துக்கு நான் பதில் சொல்ல வேணும். ஆனா அந்த முகத்தைப் பாத்த பிறகு புத்தகம் கொண்டுவாங்கோ எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை.”

வடிவு தலைமாட்டில் இருந்த பையைப் பார்த்தாள். ரத்தம் காய்ந்து துணி விறைத்திருந்தது. அதற்குள் இருந்த அந்தப் புத்தகத்தில் பன்னிரண்டரை மணிக்கு ஒரு சதமும் இல்லை. இரண்டு விரலைக் கொடுத்து அவள் காத்தது வெறும் தாளை. முதலில் தமயந்தி மேல் கோபம் வந்தது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. சொல்லியிருந்தால் தம்பியின் கத்திக்கு முன்னால் தான் அதைக் கக்கியிருப்போமோ என்ற எண்ணமும் கூடவே வந்தது. அவள் எங்கே போவதாகச் சொன்னாள் என்று கேட்டாள். நோட்டன் பிரிட்ஜில் தமக்கை வீடு என்றார் இராசரத்தினம், குரலைத் தாழ்த்தி.

ஐந்து மணிக்குக் கான்ஸ்டபிள் ரிஸ்கான் வந்தார். தமிழ் பேசுகிறவர் என்பதால் அவரை அனுப்பியிருந்தார்கள். வாக்குமூலம் எழுதும் பொலிஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கம்மா என்றார். வராந்தா நிலைப்படியில் ஜீவராஜ் சாய்ந்து நின்றார்.

வடிவு நிலைப்படியைப் பார்த்தாள். தம்பி சிறைக்குப் போனால் அண்ணன் வீட்டு வாசல் தனக்கு இனி இல்லை. அதே லயத்தில், அதே சுவருக்குப் பக்கத்தில்தான் அவள் இருக்கவும் வேண்டும். பொய் சொன்னால் வேலாயி.

“என் தம்பி யோகேஸ்வரன் வெட்டுனான்” என்றாள். “பொண்டாட்டி சேமிப்புப் புத்தகத்தக் கேட்டான். நான் குடுக்கல. மூணாவது வாட்டி வெட்டுனான்.”

“வேலாயி?”

“கம்பியால அடிச்சா. அவ அடிக்காட்டி எனக்கு இந்தக் கை இல்ல. எழுதிக்குங்க.”

நேற்றுத் தமயந்திக்கு நடந்ததையும் சொன்னாள். ரிஸ்கான் எல்லாவற்றையும் எழுதி வாசித்துக் காட்டினார். வலது கையால் பேனா பிடிக்க முடியவில்லை. இடது பெருவிரலில் மை தடவி வைத்தாள். நிமிர்ந்தபோது நிலைப்படியில் ஜீவராஜ் இல்லை.

ரிஸ்கான் ஆண்கள் வார்டுக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் வேகமாகத் திரும்பி வந்தார். யோகேஸ்வரனின் கட்டில் காலியாக இருந்தது. கூட ஒரு பெரியவர் வந்து, தம்பியைக் கக்கூசுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னாராம். வாசலில் ஒரு வேன் நின்றதைக் காவலாளி பார்த்திருக்கிறான்.

வடிவு இராசரத்தினத்தின் போனை வாங்கித் தமயந்தியின் நம்பரை இடது கையால் அழுத்தினாள். நாலு தரம் அடித்தது. எடுத்தது மூத்தவள், ஏழு வயது.

“அத்தை, நாங்க பெரியம்மா வீட்டுல இருக்கோம். இங்க டேம் தெரியுது.”

“அம்மா எங்கடா?”

“அம்மாவும் பெரியம்மாவும் மருந்து வாங்கக் கடைக்குப் போய்ட்டாங்க. தங்கச்சி தூங்குது. ஜீவராஜ் பெரியப்பா இப்பதான் போன் பண்ணாங்க. அப்பாவுக்கு அடிபட்டுருச்சாம். எங்களப் பாக்கக் கூட்டிக்கிட்டு வர்றாங்களாம். வீடு எதுன்னு கேட்டாங்க. நான் சரியாச் சொல்லிட்டேன்.”

பிள்ளையின் குரலில் சந்தோஷம் இருந்தது.

இராசரத்தினம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். ரிஸ்கான் தன் போனில் நோட்டன் பிரிட்ஜ் பொலிசைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் பேச ஆரம்பித்தார். வடிவு கட்டிலிலிருந்து காலை இறக்கினாள். தரை சுழன்றது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை சொல்றதக் கேளு. கதவச் சாத்து. மேல் தாழ்ப்பாளுக்கு எட்டாட்டி ஸ்டூலப் போட்டு ஏறு. அம்மா கொரல் கேட்டா மட்டும் தொற. வேற யாரு கூப்புட்டாலும் தொறக்கக் கூடாது.”



“அப்பா கூப்புட்டாலுமா, அத்தை?”

வடிவு கண்ணை மூடினாள். லொறியில் பையின் வாரை இழுத்துக்கொண்டே இருந்த அந்தக் கையை இன்னும் விலாவில் உணர முடிந்தது.

“ஆமாம்மா” என்றாள். “அப்பா கூப்புட்டாலும்.”

தொலைபேசியில் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது.